புரட்டாசியில் பீர் திருவிழா

பாகலூர் ரோஜாப் பண்ணையில் இனி ஆள் வேண்டாம் என்றார்கள். பையோடு நடந்துகொண்டிருந்த நான் வழியில் வந்த ஓசூர் பஸ்ஸில் ஏறினேன். முன்சீட்டில், கம்பெனிப் பயிற்சிக்காக ஜெர்மனி போய்த் திரும்பிய இருவர்.

“புரட்டாசியில போயா பீர் திருவிழா வெப்பானுங்க, முருகேசா?”

“அவனுங்களுக்கு ஏதுடா சீனு புரட்டாசி?”

“நான் குடிச்சது ஆப்பிள் ஜூஸு. அதையும் அந்தப் பெரிய பீர் மக்குலயே ஊத்திக் குடுத்துட்டாங்க. போட்டோவப் பாத்துட்டு, பெருமாள் விரதத்துல குடிச்சியான்னு பொண்டாட்டி சமையலையே நிறுத்திட்டா.”

“பெஞ்சு மேல ஏறி ஆடினியே?”

“மொத்தக் கூடாரமும் பெஞ்சு மேல நிக்குது, நான் மட்டும் உக்காரவா? நீ வந்து சொல்லுடா, நம்புவா.”

“நான் அந்தப் பக்கமே போகலன்னு எங்க வீட்ல சொல்லி வெச்சிருக்கேன்டா. உம் பொண்டாட்டி தானே எம் பொண்டாட்டிக்கு டெய்லி போன் போடறது!”

சீனு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முருகேசன் அவர் தோளில் தட்டினார்.

“மூஞ்சியத் தூக்காத. வந்து சொல்றேன்.”

மறுநாள் காலை ஒரு தொழிற்சாலையில் லோடு ஏற்றும் வேலையில் சேர்ந்தேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து அந்த இருவரும் இறங்கினார்கள். சீனு கையில் மூன்றடுக்குக் கேரியர். முருகேசன் வெறுங்கையோடு கேன்டீன் பக்கம் நடந்தார்.