ஈயம் வைத்த எட்டுக் கட்டைகள்

கட்டற்ற கடற்காற்றில் கோல்நுனி நாடாவைக் கோலமிட வைத்தவரே, வளையமும் பந்தும் வடமும் எங்கள் பிள்ளைகளின் கைக்கு வசப்பட வழிசெய்தவரே, ஊர்காவற்றுறையில் பிறந்து உடற்பயிற்சி ஆசிரியையாக நயினாதீவுக்கு வந்து இருபத்தொன்பது ஆண்டுகள் எமது வித்தியாலயத்தில் பணியாற்றி இன்று விடைபெறும் திருமதி ஞானசவுந்தரி பிலிப்பு அவர்களே, வணக்கம்.

முறைப்படி இவ்விடத்தில் தங்கள் பொறுமையையும் பெருமையையும் பத்துப் பதினைந்து வரியில் பாட வேண்டும். அப்பொறுப்பைக் கைப்பணி ஆசிரியர் இராசநாயகம் மாஸ்டரிடம் கொடுத்திருந்தோம். சொல்லுக்குச் சோடனை செய்வதில் அவர் கெட்டிக்காரர். ஒரு கிழமை கழித்து அவர் கொண்டுவந்த தாளை ஆசிரியர் அறையில் இருந்த நாங்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். அந்த அதிர்ச்சி இன்னும் தீரவில்லை. அவர் கேட்டபடி, தங்களை ‘டீச்சர்’ என்றே குறித்து, அதையே இங்கு மடலாக்கியிருக்கிறோம்.

1986 மாசி மாதம். இசைக்கேற்ப ஆடும் உடற்பயிற்சிக்கு வேலணையில் வட்டாரப் போட்டி வைத்தார்கள். கருவிகள் அனுப்புவதாகச் சொன்ன திணைக்களத்திலிருந்து கடிதம் மட்டுமே வந்தது. டீச்சர் சளைக்கவில்லை. தண்ணீர்க் குழாயை வளைத்து வளையம் செய்வித்தார், தமது கூறைச் சேலையின் கரையைக் கிழித்து நாடாவாக்கினார். எறிந்து பிடிக்கும் கைக்கட்டைகள்தான் மிஞ்சின. கரலாக்கட்டைக்குத் தங்கைச்சி போலக் கழுத்து மெலிந்து தலை பருத்த அவற்றை, ஒரு சஞ்சிகைப் படத்தைப் பார்த்து இராசநாயகம் மாஸ்டர் பூவரசில் கடைந்து கொடுத்தார். நான்கு பிள்ளைகளுக்கு எட்டுக் கட்டை.

டீச்சர் ஒன்றை எறிந்து பிடித்துப் பார்த்தார். “வடிவாய்த்தான் இருக்கு மாஸ்டர். ஆனால் கனம் காணாது. காத்து அள்ளிக்கொண்டு போகுது.”

மாஸ்டருக்கு அது சுருக்கென்று தைத்தது. காற்றில் பறக்கிற எதற்கும் மீன்வலையில் கோக்கும் ஈயத்தைக் கட்டுவது இந்தத் தீவில் எல்லாரும் செய்வது. பாய்க்கும் கட்டுவோம், பள்ளிக்கூடத்து உலகப் படத்துக்கும் கட்டுவோம். அவரும் வள்ளமும் வலையும் வைத்திருந்த யாகப்பு சம்மாட்டியிடம் ஈயக்குண்டு வாங்கி, கட்டைகளின் தலையைத் துளைத்து உள்ளே இட்டு, மரச்சக்கை அடைத்துச் சிவப்புச் சாயம் பூசினார். யாருக்கும் சொல்லவில்லை. டீச்சர் தாமாகக் கண்டுபிடித்து மெச்ச வேண்டும் என்று ஒரு சின்ன ஆசை.

போட்டியன்று காலை இறங்குதுறையில் படையினரின் சோதனைச் சாவடியில் வரிசை. முன்னே டீச்சர், பின்னே நான்கு பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னே வளையங்களைத் தோளில் மாட்டிய மாஸ்டர். கட்டைகள் இருந்த சாக்குக்குள் கைவிட்ட காவலாள் ஒரு கட்டையை வெளியே எடுத்தான். காதடியில் வைத்துக் குலுக்கினான். உள்ளே ஈயம் கடகடத்தது. அடுத்த நொடி அவன் கட்டையை மணலில் வீசிவிட்டுக் குப்புற விழுந்தான். வரிசையே விழுந்தது. ஒரு பிள்ளை எழும்பி ஓடப் பார்க்க, டீச்சர் அவளின் பின்னலைப் பிடித்து இழுத்து நிலத்தோடு அமுக்கினார்.

வெடிக்கவில்லை. பிளந்து பார்த்தார்கள், குண்டு குண்டாக ஈயம் உருண்டது. வலையில் கட்டிய ஈயத்துக்குக் கேள்வியில்லை. கட்டைக்குள் ஒளித்த ஈயத்துக்கு அவர்களிடம் ஒரே அர்த்தம்தான் இருந்தது: துவக்கில் இட்டுச் சுடும் சன்னம். ஆர் வைத்தது என்று அதிகாரி கேட்டான்.

மாஸ்டருக்கு அப்போது முப்பத்தொரு வயது. அந்தத் துறையில் பிடிபட்ட அவர் வயதுக்காரர் எவரும் வீடு திரும்பியதில்லை. ‘நான்தான்’ என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு தோளிலிருந்த வளையங்களைச் சரிசெய்யத் தொடங்கினார். டீச்சர் திரும்பி ஒருதரம் அவர் முகத்தைப் பார்த்தார். டீச்சருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“நான்தான் வைச்சனான்,” என்றார் டீச்சர். “பிள்ளையளுக்கும் தெரியாது, மாஸ்டருக்கும் தெரியாது.”

டீச்சரைப் பிடித்து வைத்து மூன்றாம் நாள் விட்டார்கள். வலது கை தோளுக்கு மேலே எழவில்லை. சாவடிக் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். அதை நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்தது.

அம்மையீர், அதற்குப் பிறகு நாங்கள் செய்ததைத் தங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளின் உயிரோடு விளையாடியவரிடம் இனிப் பயிற்சியை விடக்கூடாதென்று அதிபருக்குக் கடிதம் எழுதினோம். பதினொரு பேர் ஒப்பமிட்டோம். முதல் ஒப்பம் இராசநாயகம் மாஸ்டருடையது. பின்வாங்கினால் சந்தேகம் வருமென்று பயந்தாராம். கருவிகள் அலுமாரிக்குள் போயின. தங்களுக்குச் சுகாதார பாடம் தந்தோம். மூன்றே முக்கால் ஆண்டுகள் இடது கையால் கரும்பலகையில் எழுதினீர்கள். காலையில் மாஸ்டரின் மேசையைத் தாண்டும்போது “சுகமோ மாஸ்டர்” என்று கேட்க ஒருநாளும் தவறவில்லை. அப்போதெல்லாம் இழுப்பறைக்குள் எதையோ தேடுவதாகப் பாசாங்கு செய்ததாக எழுதியிருக்கிறார்.

இந்த மடலுக்காகச் சேவை விபரம் கேட்க அவர் தங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் பொறுக்க ஏலாமல் கேட்டிருக்கிறார்.

“ஏன் டீச்சர் ஆருக்கும் சொல்லேல்லை?”

“நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

சாவடி இன்று ஆளில்லாத வெறுந்தகரம். இனிச் சொல்வதால் எவரையும் பிடித்துப்போகப் போவதில்லை. துணிச்சலுக்குரிய காலம் கடந்த பிறகு சொல்கிறோம் என்பதும் எங்களுக்குத் தெரியும். மன்னிப்பைக் கண்ணாடி போட்டுச் சட்டமிட்டுக் கேட்பது அழகல்ல. ஆகவே கேட்கவில்லை. கைநோவு தணிந்து, கண்நிறைந்த உறக்கத்தோடு, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் சூழத் தாங்கள் நெடுங்காலம் நலமே வாழ வேண்டும் என்று நாகபூசணி அம்மனையும் தங்கள் அந்தோனியாரையும் வேண்டி நிற்கிறோம்.

இம்மடலை அதிபரே வாசிப்பதாக இருந்தது. இராசநாயகம் மாஸ்டர் விடவில்லை. முதல் வரியிலிருந்து இதுவரை தங்கள் முன்னால் நின்று வாசித்தவர் அவர்தான்.

நயினாதீவு, 1989 மார்கழி.

இங்ஙனம்,
முன்பு தங்களுக்கு எதிராக ஒப்பமிட்ட பதினொருவர்
முதல் ஒப்பம்: சி. இராசநாயகம்