முள் இறங்க வேண்டும்

எனக்குக் கோபமே வராது சார், தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சலவை ஆலையில் பாய்லர் பார்க்கிறவனுக்குக் கோபம் ஆகாது. பிரஷர் முள் ஏறினால் நெருப்பைக் குறைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

என் மனைவிக்கு மனசு ஒரு நிலையில் நிற்காது. சில வாரம் பாட்டும் கூத்துமாகத் தையல் மெஷினை ஓட்டித் தள்ளுவாள். சில வாரம் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். பிரஷரும் சேர்ந்துகொண்டது.

"ரெண்டுக்கும் உடம்புக்குள்ள ஏதோ தொடர்பு இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க. இன்னும் உறுதியா தெரியாது. மனசுக்குக் குடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டர்.

தொடர்பு என்பது வரை கேட்டேன். அது போதும்.

முள் வைத்த பிரஷர் கருவி ஒன்று வாங்கி, அவள் சிரிக்கும்போதெல்லாம் கட்டிப் பார்த்தேன். ஏறியிருந்தது. ஆகவே சிரிப்பைக் குறைத்தேன். முதலில் ரேடியோ போனது, பிறகு தையல் மெஷின். அவளை அதிகம் சிரிக்கவைப்பவள் என் கொழுந்தியாள். அக்காவுக்கு உன் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லையாம் என்று அவளிடம் சொல்லிவைத்தேன். பாவம், நம்பிவிட்டாள்.

மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். முள் அழகாக இறங்கியது. ஆலையில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தேன். அதுதான் சரியாகிவிட்டதே என்று மனசு மாத்திரையை நிறுத்தினேன்.

நேற்று கொழுந்தியாள் சொல்லாமல் கொள்ளாமல் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். குழந்தை தும்மியது. அதற்குப் போய் என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். பல மாதச் சிரிப்பு. எனக்குப் பயமாக இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். என் பிரஷருக்கு எழுதிக்கொடுத்திருந்த மாத்திரையில் ஓர் அட்டை முழுவதையும் பொடித்துப் பாலில் கலந்தேன்.

"என்னங்க, இன்னைக்கு அளக்கலையா?" என்று அவளே கையை நீட்டித் தங்கையைப் பார்த்துக் கண்ணடித்தாள். பாலைக் குடித்தாள். அளந்துகொண்டே இருந்தேன். முள் இறங்கிக்கொண்டே வந்து நின்றது. அத்தனை அமைதியாக அவளை நான் பார்த்ததே இல்லை.

"மாமா, அக்காவுக்கு மூச்சே வரல. என்ன குடுத்தீங்க?" என்று கொழுந்தியாள் அலறிய அலறலில்தான் அக்கம்பக்கம் கூடி ஸ்டேஷனுக்குச் சொல்லி உங்களைக் கூப்பிட்டது. ஆமாம், நான்தான் கொடுத்தேன்.

பக்கத்து அறையில் அந்தப் பெண் இன்னும் அழுகிறாள், இங்கே கேட்கிறது. அவளுக்கு யாராவது அளந்து பார்த்தீர்களா, சார்?