கழற்றி மாட்டும் கட்டு

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதிக் கொடுத்துள்ளபடி. வயது நாற்பத்தொன்று. பள்ளி அறிவியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். கணவர், கணவரின் தம்பி, அவர் மனைவியான என் ஓரகத்தி ஆகியோருடன் ஒரே வீட்டில் வசித்து வருகிறேன். மருத்துவமனையில் கட்டுப் போடும் அறையில் நடந்த கைகலப்பு குறித்துப் போலீசார் விசாரித்ததில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சென்ற மாதம் ஐந்தாம் தேதி காலை நானும் ஓரகத்தியும் பழைய மெத்தை ஒன்றை மாடிப்படியில் இறக்கிக்கொண்டிருந்தபோது அவள் கால் இடறியதில் இருவரும் விழுந்தோம். இருவருமே வலது கையை ஊன்றிவிட்டோம். அதன் பின் மருத்துவமனைக்குச் சென்று எக்ஸ்ரே எடுத்ததில் இருவருக்கும் மணிக்கட்டு எலும்பில் மெல்லிய கீறல் இருந்தது. இரண்டு படங்களும் வெளிச்சப் பலகையில் அருகருகே தொங்கின. எதையும் நோண்டிக் கேட்பது என் குணம் என்பதால் எது யாருடையது என்று கேட்டேன். மருத்துவரே பெயரைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ரெண்டு பேருக்கும் எலும்பு நகரல. மாவுக்கட்டும் போடலாம், கழட்டி மாட்டுற பெல்ட்டும் போடலாம். எதுலயும் ஒட்டிக்கும். உங்களுக்கு எது வசதி?" என்று கேட்டார்.

பள்ளியில் கண்ணாடிச் சாமான் கையாள்வதால் நான் மாவுக்கட்டு கேட்டேன். குளிக்கும்போது கழற்றலாம் என்று ஓரகத்தி பெல்ட் கேட்டாள். விரல்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், பாரம் தூக்கக் கூடாது என்று கட்டுப் போடுபவர் இருவருக்கும் சொல்லி அனுப்பினார்.

ஒரே கீறலுக்கு இரண்டு விதக் கட்டு என்பதால், எது முந்துகிறது என்று அறிய ஆசைப்பட்டேன். அதன் பின் தினமும் காலையும் மாலையும் தையல் நாடாவால் இருவர் நடுவிரலையும் அளந்து நோட்டில் எழுதி வந்தேன். நோட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். முதல் வாரத்தில் இருவருக்கும் வீக்கம் வடிந்தது. அதன் பின் எனக்கு அளவு அப்படியே நின்றது. அவளுக்குக் காலையில் குறைந்து மாலையில் ஏறியது. தாய்வீட்டில் இருந்த இரண்டு நாளும் அவளே அளந்து போனில் சொன்னாள், அப்போது ஏறவில்லை. அதையும் எழுதினேன். ஏன் என்று மட்டும் கேட்கவில்லை.

பார்க்க வந்தவர்கள் என் மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, கைக்கு அடியில் தலையணை வைத்தார்கள். அவளிடம் "உனக்கு சும்மா பெல்ட்டுதானே" என்றார்கள். என் பங்குப் பாத்திரமும் துணியும் அவள் பக்கம் போயின. நானும் ஒரு நாள், "அத கழட்டி வெச்சுட்டு இந்த வாளிய மட்டும் தூக்கிடேன்மா" என்றேன். தூக்கினாள். அதன் பின் தினமும் தூக்கினாள்.

இருபத்து மூன்றாம் நாள் அவளுக்கு வலி பொறுக்க முடியாமல் போகவே, கொழுந்தன் எங்கள் இருவரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். கட்டுப் போடுபவர் அவள் பெல்ட்டைக் கழற்றி, உள்ளங்கை வெடித்திருப்பதைப் பார்த்து, "கழட்டி வெச்சுட்டு வேலை செஞ்சீங்களாம்மா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்தேன்.

அதற்குள் கொழுந்தன், "அண்ணிக்கு ஒழுங்கான கட்டு, என் பொண்டாட்டிக்கு மட்டும் பெல்ட்டா?" என்று கத்தி, கட்டுப் போடுபவரின் சட்டையைப் பிடித்துத் தள்ளினார். மேசை முனையில் இடித்து அவர் புருவம் கிழிந்தது. அவர் திருப்பி அடிக்கவில்லை. பெல்ட்டால்தான் வலி வந்தது என்று கொழுந்தன் எழுதிக் கொடுத்திருப்பது சரியல்ல. எங்கள் வீட்டு வேலையால் வந்தது.

அதன் பின் மருத்துவர் மீண்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பு நகரவில்லை, ஒட்டத் தொடங்கியிருந்தது. சுற்றியுள்ள தசைநார்தான் வீங்கியிருந்தது. இன்னும் இரண்டு வாரம் பெல்ட்டே போதும் என்றார்.

ஓரகத்தி, "மாவுக்கட்டு போட்டுடுங்க டாக்டர்" என்றாள்.

"எலும்புக்கு அது தேவையில்லம்மா."

"தெரியும் டாக்டர். வீட்டுக்குத் தேவை."

மருத்துவர் மாவுக்கட்டுக்குச் சீட்டு எழுதினார். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்த கட்டுப் போடுபவரே மாவுக்கட்டைப் போட்டார்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதும் நடந்ததும் இதுவே. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

(கையொப்பம்)