நாலு வழிக்கு ஐயாயிரம் வண்டி

குறுக்கு வழியா? இல்லைங்க தம்பி. இருந்தா உங்களுக்கு முன்னாடி நிக்கிற இருநூறு வண்டியும் அதுல போயிருக்காதா? போன்ல காட்டுதா? காட்டும். நேத்து ஒருத்தர் அதை நம்பிப் போயி ஓடைக்குள்ள எறங்கிட்டாரு. டிராக்டர் வச்சு இழுத்தாங்க. நீங்களும் போகணும்னா போங்க, நான் தடுக்கல.

கொஞ்சம் இருங்க... ரெண்டு வேன், ஒரு பஸ். ம், சொல்லுங்க.

நானா? ரோடு ஆபீஸ்காரங்க இங்க உக்கார வச்சிருக்காங்க. போற வண்டிய எண்ணணும், அதான் வேலை. வண்டிக்கு ஒரு கோடு, அஞ்சாவது வந்தா குறுக்க ஒரு கோடு. பத்து நாள் வேலை. ஒரு குடை, ஒரு நாற்காலி. நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, கல்லு வச்சு முட்டுக் குடுத்திருக்கேன்.

உங்கள மட்டும் சொல்லி என்ன, எல்லாரும் ஒரே மாதிரிதான். எட்டு மணிக்கு எந்திரிச்சு, ஊரே சேந்தாப்ல கெளம்பி வருவீங்க. மான் பாக்கணும். மானுக்கு என்ன தலையெழுத்தா, பதினோரு மணி வெயில்ல வந்து உங்களுக்குப் போஸ் குடுக்கணும்னு? அது விடியறப்பவே தண்ணி குடிச்சுட்டு உள்ள போயிடும். நிம்மதி வேணும்னு காட்டுக்கு வர்றது, வந்து ஹாரன் அடிக்கிறது. நேத்து ஒரு அம்மா கார் கண்ணாடிய எறக்கி, இந்த மரத்தையெல்லாம் வெட்டுனா ரோடு பெருசாகும்லன்னு என்கிட்ட கேக்குறாங்க. தாயே, நீ மரம் பாக்கத்தானே வந்தே?

சரி, கேட்டீங்க, சொல்றேன். அடுத்த தடவ செவ்வா, புதன்ல வாங்க. ஆறு மணிக்குக் காட்டு கேட்டைத் தொறப்பாங்க, அஞ்சரைக்கு அங்க நில்லுங்க. திரும்பும்போது ரெண்டு மணிக்குள்ள முன்னாடி இருக்கிற பாலத்தைத் தாண்டிடுங்க. ஆனா செய்ய மாட்டீங்க. தலைய ஆட்டுறதோட சரி.

இந்த ரோட்டைப் போட்ட இஞ்சினியரா? அவரு ஒரு தனி ரகம். மூணு வருஷம் முன்னாடி அகலப்படுத்துறேன்னு வந்தாரு. பாலம் வரைக்கும் வழவழன்னு போட்டாரு. பாலத்தை மட்டும் ஒத்தை வழியாவே விட்டுட்டாரு. முன்னாடியெல்லாம் மெதுவா வந்து நின்ன வண்டி இப்ப வேகமா வந்து நிக்குது. பெரிய முன்னேற்றம்! திறப்பு விழா அன்னைக்கு அவரே இங்க மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் வியர்த்து ஊத்துனாரு.

ஒரு லாரி. எழுதிக்கறேன்.

இப்ப என்னன்னா, ஒரு நாளைக்கு ஐயாயிரம் வண்டிக்கு மேல போனா நாலு வழி ஆக்குவாங்களாம். கொறஞ்சா பாலத்தை மட்டும் பெருசு பண்ணிட்டுப் போயிடுவாங்க. அதுக்குத்தான் இந்த எண்ணிக்கை. என்னைக் கேட்டா பாலம் போதும். எட்டாங்கிளாஸ் படிச்ச எனக்கே தெரியுது.

நாலு வழி வந்தா யாருக்கு நட்டமா? அந்தா பச்சை கேட் போட்ட வீடு தெரியுதா, மாடியில ரூம் வாடகைக்குன்னு போர்டு தொங்குதே? அது மொத்தமா போகும். புது ரோட்டு வரைபடத்துல பாத்தேன், கோடு பின்சுவரையும் தாண்டிப் போகுது. என் வீட்டுக்காரரோட அண்ணன் இருக்காரு அதுல. கட்டுனது நானும் என் வீட்டுக்காரரும். செங்கல் சுமந்தவ நான். என் வீட்டுக்காரரு கண்ணை மூடி ஒரு மாசம் ஆகல, பத்திரம் தன் பேர்ல இருக்குன்னு எடுத்துட்டு வந்து நீட்டுனாரு பெரிய மனுஷன். என்னையும் என் பொண்ணையும் அனுப்பிட்டு, நாங்க படுத்த ரூமை உங்கள மாதிரி ஆளுங்களுக்கு விட்டுட்டாரு. காட்டைப் பாத்த ரூமாம், அதுக்குக் கிராக்கி வேற.

அந்தா, மாடியில நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு பாருங்க. தங்க வர்றவங்ககிட்ட என்னைக் காட்டி, என் தம்பி பொண்டாட்டி ரோட்டுல வண்டி எண்ணுறான்னு சொல்லிச் சிரிப்பாராம். சிரிக்கட்டும்.

நஷ்டஈடா? குடுப்பாங்க, வாங்கிக்கட்டும். வேற ஊர்ல மாளிகையே கட்டிக்கட்டும். அந்த மாடியில அவரு உக்காரக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு.

நெசமா எத்தனை வண்டி போகுதா? நேத்து நாலாயிரத்து நூறு. ஐயாயிரத்து முந்நூறுன்னு எழுதிக் குடுத்தேன். போன திங்கள்ல இருந்து அப்படித்தான். ஏன் முழிக்கிறீங்க? சொல்லப் போறீங்களா? யார்கிட்ட, அந்த இஞ்சினியர்கிட்டயா? அவருக்கும் நாலு வழிதான் வேணும். நோட்டைத் தொறந்துகூட பாக்கல, கடைசிக் கணக்கப் பாத்துட்டு பல்லு முப்பத்திரண்டும் தெரிய சிரிச்சாரு.

போங்க, முன்னாடி வண்டி நகருது, உங்க வீட்டம்மா கூப்பிடுறாங்க. நீங்க இங்க நின்ன நேரத்துல உங்க காரையே மூணு தடவ எழுதிட்டேன்.

என்ன? ஆமா, நாங்க படுத்த அந்த ரூமுந்தான். என் வீட்டுக்காரரு கடைசியா மூச்சு விட்டது அங்கதான். அதுவும் இடிஞ்சு போகும். தெரிஞ்சுதான் தம்பி எழுதுறேன்.