கழுகு பார்த்த வண்டி

லாரி டயரைக் காலால் உதைத்துப் பார்க்கிறவனுக்கு டயரைப் பற்றி ஒன்றும் தெரியாது. புதிதாக வேலைக்கு வரும் ஓட்டுநர்களிடம் இதை நான் முதல் நாளே சொல்லிவிடுவேன். உதைத்தால் கால் வலிக்கும், அவ்வளவுதான். காற்று எவ்வளவு இருக்கிறது என்பதைக் கருவி சொல்லும். வெட்டு இருக்கிறதா என்பதைக் கண்தான் சொல்லவேண்டும். அதற்குக் குனியவேண்டும். குனியச் சோம்பல்படுகிறவன் தொலைதூர வண்டி ஓட்டக்கூடாது.

நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை, ஐயா, நானாகத்தான் வந்தேன். உங்கள் விசாரணை அறிக்கை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. மேலாளர் எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார். பன்னிரண்டு பக்கம், நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதாம் பக்கத்தில் மட்டும் ஒரு வரி தவறு. ட்ரெய்லரின் பின் பிரேக்குகள் தளர்ந்திருந்ததை வண்டிப் பரிசோதகர் கவனிக்கத் தவறினார், பார்வைக் குறைவு காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். வண்டியோடு போனவர் என் மகளின் கணவர் என்பதால் இதையெல்லாம் பேச எனக்கு மனம் வராது என்று நினைத்திருப்பீர்கள். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் எப்படி இருக்கும்? மனம் இப்போது அப்படி இருக்கிறது. பேசுவதற்கு அதனால் தடை ஒன்றும் இல்லை.

இருபத்தாறு வருடமாக அந்த யார்டில் வண்டி பார்க்கிறேன். எங்கள் வண்டிகள் போக நாலு நாள், வர நாலு நாள் ஓடும். வழியில் இரண்டு மலை. ஓட்டுநர் தினமும் புறப்படுமுன் வண்டியைச் சுற்றி வந்து நாற்பத்திரண்டு இடங்களைப் பார்த்து டிக் போடவேண்டும். விளக்கு, கண்ணாடி, சக்கர நட்டு, காற்றுக் குழாய், சரக்கைக் கட்டிய பட்டை என்று போகும் அந்தப் பட்டியல். யார்டிலிருந்து கிளம்பும் அன்று மட்டும் அவருக்கு முன்னால் நான் பார்ப்பேன். வண்டிக்கு அடியில் வெட்டிவைத்த பள்ளத்துக்குள் இறங்கி அதன் வயிற்றைப் பார்ப்பது என் வேலை, ஓட்டுநர் அங்கே இறங்கக்கூடாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள் என்று பெயர் வாங்கியவன் நான். ஓட்டுநர்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் கழுகு. "கழுகு பாத்தாச்சா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் சிலர் வண்டியைச் சுற்றி வராமலே ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் அது ஆபத்து. ஒருமுறை அப்படி ஏறிப் போனவரின் வண்டியில், நான் பார்த்து முடித்த பிறகு யாரோ பின்னால் இடித்து விளக்கை உடைத்துவிட்டிருந்தார்கள். நெடுஞ்சாலையில் பின்னால் பைக்கில் வந்தவனுக்கு ஒரு கால் போயிற்று.

அதற்குப் பிறகு மேலாளர் ஒரு ஏற்பாடு செய்தார். திங்கட்கிழமைதோறும் ஏதாவது ஒரு வண்டியில் நான் ஒரு சின்னக் குறையை ஒளித்துவைக்கவேண்டும். ஒரு பல்பைக் கழற்றுவேன், ஒரு பட்டையைத் தளர்த்துவேன், இந்த மாதிரி. ஓட்டுநர் அதைக் கண்டுபிடித்து என் அறைக்கு வந்து சொல்லவேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் கேட்டில் வண்டியை நிறுத்தி நானே காட்டித்தருவேன். எக்காரணம் கொண்டும் கேட்டைத் தாண்ட விடக்கூடாது என்பது விதி. இதற்கும் பெயர் வைத்துவிட்டார்கள், கழுகு முட்டை என்று. திங்கட்கிழமை காலையில் யார்டு கல்யாண வீடு மாதிரி கலகலவென்று இருக்கும்.

"இன்னிக்கு யாரு வண்டியில முட்டை வச்சிருக்கீங்க? என் காதுல மட்டும் சொல்லுங்க" என்று மீசைக்காரர் என்ற ஓட்டுநர் யார்டில் இருக்கும் திங்கட்கிழமையெல்லாம் கெஞ்சுவார்.

"அடைகாக்கறவன் சொல்லுவானா? போய்க் குனிஞ்சு பாருங்க" என்பேன்.

மாப்பிள்ளைக்கு ஒரு முட்டைகூடத் தப்பியதில்லை. சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஓட்டுநர். குனிந்து பார்ப்பார், நட்டை விரலால் தொட்டுப் பார்ப்பார். அதைப் பார்த்துத்தான் அவருக்கு என் பெண்ணைக் கொடுத்தேன். எங்கே முட்டை என்று மாமனாரிடம் வீட்டிலேயே கேட்டுக்கொள்கிறார் என்று மற்றவர்கள் அவரைக் கிண்டல் செய்வார்கள். நான் வீட்டில் வேலை பேசுவதில்லை. அவரும் கேட்டதில்லை.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை அவர் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"மாமா, பின்னாடி உள் டயர்ல ஒரு வெட்டு இருக்கு. உள்ள கம்பி தெரியுது. முட்டையா?"

"ஆமா" என்றேன்.

முட்டை திங்கட்கிழமை மட்டும்தான். டயரில் நான் ஒருநாளும் முட்டை வைத்ததில்லை. வெட்டுப்பட்ட டயரை யாரும் விளையாட்டுக்கு மாட்டமாட்டார்கள். இது அவருக்கும் தெரியும். என் மேஜையில் கிடந்த தாள்களைப் பார்த்தார். பிறகு "சரி மாமா, நான் மாத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு யாரிடமும் அவர் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரமே கண் மருத்துவரிடம் போனேன். விழித்திரையில் கோளாறு, கண்ணாடி போட்டுப் பயனில்லை, போகப்போகக் குறையும் என்றார். வண்டி பார்ப்பதுதான் தொழில் என்று நான் சொன்னபோது, வேறு தொழில் பார்க்கலாமே என்றார். படித்தவர், சுலபமாகச் சொல்லிவிட்டார். விபத்துக்குப் பிறகு நீங்கள் என் கண்ணைச் சோதிக்கவைக்கும்வரை அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை அதன்பிறகு யார்டிலிருந்து கிளம்பும் நாளெல்லாம் அரைமணி நேரம் முன்னதாக வரத் தொடங்கினார். நான் டிக் போட்டு முடித்த வண்டிகளை, எனக்கு இரண்டு வண்டி பின்னால், டார்ச்சை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருவார். அவருடைய வண்டியை மட்டும் அல்ல, எல்லா வண்டிகளையும். எனக்குத் தெரியாது என்று நினைத்தார். அசைகிற வெளிச்சம் எப்படிப்பட்ட கண்ணுக்கும் தெரியும், ஐயா. சில இடத்தில் நின்று ஸ்பேனரை எடுப்பார். அந்தச் சத்தமும் கேட்கும். ஒவ்வொரு சத்தமும் நான் விட்ட ஒரு தவறு. எனக்கு அவமானமாக இருந்தது. வேறு எந்த வார்த்தையும் அதற்குப் பொருந்தாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டில் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகள் பேச்சை ஆரம்பித்தாள்.

"அப்பா, இத்தன வருஷம் பாத்தது போதாதா? வேலைய விட்டுட்டு எங்ககூட வந்து இருங்களேன்."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. யானைக்கும் அடி சறுக்கும்னு அவருதான் ஏதோ பேச்சுல..." என்று இழுத்தாள்.

மாப்பிள்ளை தலையைத் தூக்கவில்லை. தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவர்கள் என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். இரண்டு பேருக்கும் என்மேல் பரிதாபம். பரிதாபப்படுகிறவர்களிடம் சண்டை போட முடியாது.

அதற்குப் பிறகு அவருடைய வண்டியில் முட்டை வைக்கத் தொடங்கினேன். திங்கட்கிழமை மட்டும் அல்ல, அவர் புறப்படும் எல்லா நாளும். என் கணக்கு எளிமையானது. அவர் கண்டுபிடித்துக்கொண்டு வந்து சொன்னால், "பாத்தீங்களா மாப்ள, நான் வச்சதுதான்" என்பேன். முன்பு பார்த்த குறைகளில் பாதியும் நான் வைத்தவைதான் என்று அவர் நினைத்துக்கொள்வார் அல்லவா? ஆனால் அவர் வரவே இல்லை. தளர்த்திய பட்டையை அவரே இறுக்கினார். கழற்றிய பல்பை அவரே போட்டார். ஏழு முட்டைகள். ஏழையும் என் கண் விட்டவை என்று எடுத்துக்கொண்டு, ஏழையும் மறைத்தார். என்னைக் காப்பாற்றுகிறாராம். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். எனக்கோ குற்றம் பார்ப்பதுதான் தொழில். அவர் பார்த்தும் பார்க்காதவர்போல இருந்தார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விபத்து நடந்த அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பள்ளத்துக்குள் இறங்கினேன். ட்ரெய்லரின் பின் பிரேக்குகளைத் தளர்த்தினேன். எப்படி என்று உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறார், சரியாகவே எழுதியிருக்கிறார். எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருந்ததால் தானாகத் தேய்ந்து தளர்ந்திருக்கும் என்று முடிவு செய்திருக்கிறார். ஒரே அளவாக இருந்ததற்குக் காரணம் நான் அளந்து செய்ததுதான். கண் தெரியாதவன் செய்கிற வேலை அல்ல அது. ஆகவே கவனிக்கத் தவறினார் என்ற வரி நிற்காது.

அந்த இடம் ஓட்டுநரின் நாற்பத்திரண்டில் இல்லை. சுற்றி வந்தால் தெரியாது. கண்டுபிடிக்கவே முடியாததை ஒளித்துவைப்பது முட்டை ஆகாது என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். அவர் பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன் என்று ஒரு தடவையாவது இருக்கவேண்டும் என்று நினைத்தேன். கேட்டில் நிறுத்திக் காட்டிவிடுவதாகத்தான் இருந்தேன்.

கேட்டில் நிறுத்தவும் செய்தேன். அவர் கண்ணாடியை இறக்கிக் குனிந்து, பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"மாமா, மீசைக்காரர் வண்டியில முன் நட்டு ரெண்டு லூசா இருந்துச்சு. இறுக்கிட்டேன். யாருக்கும் தெரியாது, நீங்க கவலைப்படாதீங்க."

மீசைக்காரர் வண்டியில் நான் எந்த முட்டையும் வைக்கவில்லை. அந்த நட்டுகளை நான் பத்து நிமிடம் முன்புதான் பார்த்திருந்தேன். என் முகம் மாறியிருக்கவேண்டும்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா. எனக்கு உங்கமேல நம்பிக்கை இல்லாம இல்ல."

நான் கேட்டைத் திறந்துவிட்டேன்.

மீதி உங்கள் அறிக்கையில் இருக்கிறது. பதினொன்றே கால் மணிக்கு, மலை இறக்கத்தில் மூன்றாவது வளைவில், முன் சக்கரங்களின் பிரேக் சூடாகிப் புகைந்து பிடிப்பு விட்டுப்போனது. வளைவின் ஓரத்தில் காரை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கணவனும் மனைவியும் இறந்தார்கள். மாப்பிள்ளை அன்று மாலைவரை உயிரோடு இருந்தார் என்றார்கள். மகள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீங்க பாத்த வண்டிதானேப்பா?" ஆமாம் என்றேன். அதற்கு அப்புறம் அவள் என்னிடம் பேசவில்லை. சோறு மட்டும் போட்டு வைக்கிறாள், நானும் சாப்பிடுகிறேன்.

அறிக்கையில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பத்து ஐம்பதுக்கு அவர் எனக்குப் போன் செய்திருக்கிறார், நாற்பது விநாடி பேசியிருக்கிறார் என்று இருக்கிறது. 'குடும்ப விஷயம்' என்று பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான்தான் அப்படிச் சொன்னேன். அது குடும்ப விஷயம் அல்ல. இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் வண்டிகள் நின்று பார்த்துவிட்டுப் போவதற்கு ஒரு திடல் இருக்கிறது. பலர் நிற்பதில்லை, அவர் எப்போதும் நிற்பார். அங்கிருந்து பேசினார்.

"மாமா, பிரேக் போட்டா ட்ரெய்லர் பின்னாடி இருந்து தள்ளுற மாதிரி இருக்கு. சுத்திப் பாத்துட்டேன், ஒண்ணும் தெரியல. நீங்க கீழ இறங்கிப் பாத்தீங்களா?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். மெக்கானிக்கை வரவழைத்தால் அரைநாள் தாமதம் ஆகும், அவ்வளவுதான். நான் செய்தது வெளியே தெரிந்து வேலை போயிருக்கும். அதைக்கூட நான் அப்போது நினைக்கவில்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும்தான் காதில் இருந்தது.

"பாத்தேன் மாப்ள. எல்லாம் சரியா இருக்கு. இறங்குங்க."

போனில் அவர் பக்கம் ஏதோ ஒரு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

"நீங்க பாத்துட்டீங்கன்னா சரி மாமா. நான் மறுபடி எதுக்குப் பாக்கணும்?" என்றார்.

போனை வைத்துவிட்டேன். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஐயா.