முதல் சனிக்கிழமை, பதினொரு மணி

அன்பும் அறிவும் அஞ்சாமையும் ஒருங்கே அமைந்த அம்மையே! மே மாதத்து வெயிலிலும் கம்பளிச் சட்டையோடு குளிரூட்டிய கணினி அறையைக் காத்துநின்ற கண்ணியமே! பம்பைக்கரை கூட்டுறவு மருத்துவமனைக் கணினிப் பிரிவின் தலைவி, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் ரேச்சல் குருவிளா சேச்சியே! வணக்கம்.

முப்பத்தோராண்டுகளுக்கு முன் ஒற்றைக் கணினியோடு தாங்கள் தொடங்கிய பிரிவு, இன்று இரண்டு இடங்களில் வாழ்கிறது. அனைத்தையும் வெளியூரிலுள்ள வாடகைக் கணினிகளுக்கே, அதாவது கிளவுடுக்கே, ஏற்றிவிட நிர்வாகம் முனைந்த கூட்டத்தில் தாங்கள் எழுந்தீர்கள்.

“டோக்கன் பதிவு போகட்டும் சார், பழைய எக்ஸ்ரே படமும் போகட்டும். வார்டுல படுத்திருக்கிறவங்க மருந்துப் பட்டியல் மட்டும் இங்கயே இருக்கட்டும். லைன் போச்சுன்னா ஊசி போடாம உட்கார்ந்திருப்பீங்களா?”

பாதி வெளியே போனது. பாதி மாடிப்படிக்குக் கீழ் நம் சர்வரிலேயே தங்கியது. அத்தோடு விட்டீர்களா? மாதத்தின் முதல் சனிக்கிழமை பதினொரு மணிக்கு வெளியூர் இணைப்புக் கேபிளைத் தாங்களே பிடுங்குவீர்கள். வார்டு தடுமாறாமல் ஓடுகிறதா என்று கால்மணி நேரம் பார்ப்பீர்கள். “சேச்சி, ஒரு மாசமாவது எங்களை நிம்மதியா விடக்கூடாதா?” என்று மருந்தகத்துச் சோமராஜன் புலம்பாத மாதமில்லை.

ஒருமுறை எல்லாம் அவ்வளவு ஒழுங்காக ஓடியதால், பிடுங்கியதையே எல்லோரும் மறந்துபோனோம். மூன்று மணிநேரம்! குவைத்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் பிள்ளைகள் தத்தம் அம்மாக்களுக்குப் போட்ட டோக்கன் பதிவுகள் நூற்றுநாற்பது, மருத்துவமனையிலிருந்து வரவேண்டிய எண் கிடைக்காமல் வெளியே தேங்கின. நம்பி வந்த அம்மாக்கள் வரிசையில் நின்றார்கள். “பிடுங்கினது நான்தான் அம்மச்சி, மன்னிச்சிடுங்க” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னீர்கள். எங்கள் யார் பெயரையும் எடுக்கவில்லை. அன்றுமுதல், பிடுங்கிய முனையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பது தங்கள் வழக்கமானது.

ஒன்றை இன்று ஒப்புக்கொள்கிறோம். இம்மாத முதல் சனிக்கிழமை தாங்கள் விடுப்பில் இருந்தீர்கள். பதினொரு மணிக்கு எல்லோரும் கணினி அறை வாசலில் கூடினோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சோமராஜன் கதவுவரை போய்த் திரும்பிவந்தார். “சேச்சி இருந்தா இப்போ திட்டியிருப்பாங்க” என்றார். யாரும் பிடுங்கவில்லை. ஆணியில் தொங்கிய கம்பளிச் சட்டையைப் பார்த்துவிட்டுக் கலைந்தோம். தங்களுக்காக எவ்வளவு ஏங்குகிறோம் என்பது அன்றுதான் தெரிந்தது.

அல்லும் பகலும் அயராது உழைத்த தாங்கள், தங்கள் கணவர் குருவிளா அச்சாயனோடு நலமும் நிம்மதியும் நிறைந்து நூறாண்டு வாழ இறைவனை இறைஞ்சுகிறோம்.

ஒரேயொரு விண்ணப்பம். வரும் முதல் சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தங்கள் கைபேசியில் ஒரு டோக்கன் பதிந்து பாருங்கள். எண் உடனே வந்துவிட்டால், வந்து எங்களைத் திட்டுங்கள். வராவிட்டால் கால்மணி நேரம் பொறுத்திருங்கள் சேச்சி. முனை எங்கள் கையில் இருக்கும்.

தங்கள் பிரிவால் வாடும்,
கணினிப் பிரிவு, மருந்தகம் மற்றும் வார்டு ஊழியர்கள்
திருவல்லா, மே 31