சென்னம்மாளின் விரலும் கிருஷ்ணப்பனின் போனும்

தலைமையேற்று, மாலையின் கனத்தில் கழுத்தை நிமிர்த்த முடியாமல் வீற்றிருக்கும் காய்கறி வணிகர் சங்கத் தலைவர் வீரமணி அவர்களே! மூட்டு மருத்துவர் சுசித்ரா அவர்களே! ‘மூட்டுத் தோழன்’ என்னும் செயலியைப் படைத்து, மாரண்டஹள்ளி மண்ணில் மகிழுந்தில் வந்திறங்கியிருக்கும் நிறுவனத்துத் தம்பிமார்களே! இடுப்பைப் பிடித்து எழுந்து, முழங்காலைப் பிடித்து அமரும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, வலியை மட்டும் அணைக்க வழியில்லாமல் வந்திருக்கும் தாய்மார்களே! காரிமங்கலம் கோகிலவாணியின் வணக்கத்தை, கைகூப்ப முடிந்தவர்கள் கைகூப்பியும், முடியாதவர்கள் தலையசைத்தும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இந்தச் செயலி என்ன செய்யும் தெரியுமா? பொழுது விடிந்ததும், ‘இன்று உங்கள் மூட்டு எப்படி இருக்கிறது?’ என்று கனிவோடு கேட்கும். கட்டிய கணவன் கேட்டதுண்டா? பெற்ற பிள்ளை கேட்டதுண்டா? செயலி கேட்கிறது! அங்கே ஓர் அம்மா, ‘எங்க மாமியாளும் கேட்டதில்லீங்க’ என்கிறார். அம்மா, உங்கள் மாமியார் எந்த வரிசையில் இருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

நடந்தால் பாராட்டும், நலமென்றால் பதக்கம் நீட்டும் அந்தச் செயலியில், மாவட்டத்திலேயே முதலிடம் பிடித்தவர் முன்வரிசையில் இருக்கும் நம் சென்னம்மாள். முடக்குவாதத்தைத் தானே முறியடித்த மாதரசி என்று கேடயத்தில் எழுதியிருக்கிறது. அதை என் கையால் கொடுக்கச் சொன்னார்கள். கூட்டம் தொடங்குமுன் வாழ்த்தலாமே என்று அவர் கையைப் பற்றினேன்.

“அய்யோ, மெல்லங்க!” என்று துடித்துவிட்டார். பார்த்தால், கணுவுக்குக் கணு வீக்கம். சுண்டுவிரல் ஒருபக்கம் சாயத் தொடங்கிவிட்டது.

“இந்தக் கையோட எப்படிம்மா முதல் பரிசு?”

“எனக்கென்னங்க தெரியும்? வூட்டுக்கு ஒரே போனுங்க. அது விடியறப்பவே அவருகூடத் தக்காளி மண்டிக்குப் போயிருதுங்க.”

அவர் என்றால் அவருடைய கணவர் கிருஷ்ணப்பன். பக்கத்தில்தான் பட்டுச்சட்டையோடு இருந்தார். கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார்: “அதுல மூஞ்சிங்க வருதுங்க. அழுவுற மூஞ்சிய அமுக்குனா, எங்க வலி, எப்படி வலின்னு கேட்டுக்கிட்டே போவுது. சிரிக்கிற மூஞ்சிய அமுக்குனா ஒடனே மூடிக்குது. நான் தக்காளி வெலை பாக்கணுமில்லீங்க?”

ஆகா! என்னே மருத்துவம்! போனோடு மண்டியைச் சுற்றிக் கிருஷ்ணப்பன் நடந்தார், வீட்டில் சென்னம்மாளுக்கு முழங்கால் தேறியது! கேட்டது கருவி, சொன்னது கணவர், களித்தது கம்பெனி, வீங்கியது விரல்! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்தச் சிரித்த மூஞ்சிகளை நம்பித்தான், ‘நீங்கள் நலம், மருத்துவரைப் பார்க்க அவசரமில்லை’ என்று அந்த அம்மாளின் பரிசோதனையைச் செயலி தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. செயலி தள்ளிப்போட்டால் முடக்குவாதமும் தள்ளி நிற்குமா? கோணிய விரலைக் கேடயம் நிமிர்த்துமா? எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க மாட்டேன்.

செயலியே வேண்டாம் என்கிறேனா? இல்லை. வத்தல்மலையிலிருந்து இறங்கிவர முடியாதவருக்கு அது பெரிய உதவி. ஆனால் வலி ஒருவருக்கு, வாய் இன்னொருவருக்கா? தம்பிமார்களே, ஆண்களின் சட்டைப்பையில் உட்கார்ந்துகொண்டு பெண்களின் வலியை உங்கள் தோழன் விசாரிக்கிறானே, அந்தப் பெண் எங்கே என்று ஒருநாளாவது கேட்டானா?

இந்தக் கேடயத்தைச் சென்னம்மாளுக்குக் கொடுக்க மாட்டேன். கொடுத்தாலும் அவரால் பிடிக்க முடியாது. டாக்டரம்மா, கொஞ்சம் கீழே இறங்கி அந்தக் கையைப் பாருங்கள். ஒலிபெருக்கியையும் அங்கே கொண்டுபோங்கள். சொல்லுங்க சென்னம்மா, கூச்சப்படாதீங்க.

“மாட்டுல பால் பீச்ச முடியலீங்க டாக்டரம்மா. காலையில வெரலு மடங்கவே மாட்டேங்குது. இவருகிட்ட அழுதேனுங்க. ‘போன்லதான் நீ நல்லா இருக்கறன்னு போட்டிருக்குதே, அப்புறம் என்ன’ங்கறாருங்க.”

கேட்டீர்களா? பொத்தானை அமுக்கியவரே அதை நம்பிவிட்டார்! இதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது? அந்த அம்மா இன்னும் முடிக்கவில்லை, டாக்டர் கேட்டுக்கொண்டிருக்கிறார், நான் குறுக்கே நிற்கக் கூடாது. இதுவரை கேட்ட உங்களுக்கு நன்றி. வீட்டின் ஒரே போனைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் மகராசன்கள், வீடு திரும்பியதும் அதை எடுக்காமல் மனைவியின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேளுங்கள். வணக்கம்.